சாக் சாமியின் வாசலும் எங்கள் கிணறும்

பொத்தேரி
12 ஆகஸ்ட், இரவு

அன்புள்ள கைனாத்,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு. பரீட்சை என்று அப்பா போனை வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் உன் ஜாமெட்ரி பாக்ஸில் கடிதம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கிணற்றை வியாழக்கிழமை மூடப்போகிறார்கள். அந்த இடத்தில் அப்பா காலேஜ் பையன்களுக்கு ஹாஸ்டல் கட்டப்போகிறார். ஜேசிபி வந்து நிற்கிறது. முதலில் கற்பூரம் ஏற்றிக் கிணற்றைக் கும்பிடுவார்களாம். அது மூச்சுவிட ஒரு குழாய் நடுவார்களாம். அப்புறம் இடித்த செங்கல்லைக் கொட்டுவார்களாம். கும்பிட்ட கையால் எப்படிடி கொட்ட முடியும்?

நம் புராஜெக்டுக்குப் படித்தோமே, மெக்சிகோவில் மாயா மக்களின் செனோட்டே, அந்தப் பள்ளக் கிணறே கண்ணுக்குள் நிற்கிறது. ஆறு ஓடாத சுண்ணாம்புக்கல் பூமி. நடுவில் பாறை வாய் திறந்து, கீழே நீலத் தண்ணீர். அதை மழைச்சாமி சாக்கின் வாசல் என்று நம்பி, பச்சைக்கல் மணிகளும் பொன்னும் போட்டார்கள். மனிதர்களையும் போட்டார்களாம், அதுதான் பயம். ஆனால் மூடிவிடலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா?

எங்கள் கிணறும் செனோட்டே மாதிரிதானே? டிவி மேசையில் இருந்த ஜேசிபி சாவியை எடுத்து ஒளித்துவிட்டேன். கிணற்றில் போட்டுவிடட்டுமா?

உன்
ஓவியா


13 ஆகஸ்ட்

என் பைத்தியக்கார ஓவிக்கு,

கிழித்துவிட்டேன். சாவியைப் போடாதே. ஜேசிபி ஓட்டுகிற பாலு அண்ணன் வேறு சாவி கொண்டுவருவார். உனக்குத்தான் அடி விழும்.

உங்கள் கிணறு செனோட்டே இல்லை. அங்கே மழைநீர் கரியமில வாயுவோடு சேர்ந்து லேசான அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைப் பல்லாயிரம் வருஷம் கரைத்துக் குகையாக்கியது. ஒருநாள் குகையின் கூரை இடிந்தது, தண்ணீர் வானத்தைப் பார்த்தது. என்ன பொறுமை பார் மழைக்கு! நம் ஊர்ப் பாறை அப்படிக் கரையாது. போர்வெல் போடுகிற எங்க அத்தாவே, "பொத்தேரிக் கல்லா? டிரில் பிட்டே தேஞ்சி பூடும்" என்பார். அதன் விரிசலில்தான் தண்ணீர். மழை தோண்டித் தராத இடத்தில் உன் கொள்ளுத்தாத்தா தோண்டியிருக்கிறார். மூடினால் எந்த மழையும் திரும்பத் திறக்காது. இதை உன் அப்பாவிடமே சொல். சாமியில் ஆரம்பி, கேட்பார்.

கைனாத்


13 ஆகஸ்ட், இரவு

கைனாத்,

இதையும் காட்டாதே. சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"எத்தினி அடி ஆழம்?"

"சிலது முந்நூறு அடிக்கும் மேலப்பா."

"மழையே தோண்டுச்சா? யப்பா!" என்றார். அப்புறம், "நம்புள்து எங்க தாத்தா வேட்டு வெச்சித் தோண்டனது" என்றார்.

அம்மா, "அந்த மழைச்சாமிக்கு ஹாஸ்டல்ல ஒரு ரூம் குட்த்துடு" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு டிவி மேசையில் சாவியைத் தேடினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போனார்.

ஜன்னல் வழியாகத் தெரிகிறார். இவ்வளவு நேரமாகக் கிணற்றையே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாவி என் தலையணை உறைக்குள் குத்துகிறது. உள்ளே வருகிறார் கைனாத். கதவைத் தட்டுகிறார்.

"ஓவியா, சாவி உங்கிட்டயே இருக்கட்டும். டார்ச்ச எடுத்துக்கினு வா. அந்த வெரிசல் எங்க கீதுன்னு பாக்கலாம்" என்கிறார். ஓடுகிறேன்.