மயிலைக் குளிப்பாட்டிய உன் அப்பா

ஆர்.கே.புரம்,
புது தில்லி

அன்புள்ள மாதுரிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் குறைவில்லை, என் முழங்கால்கூட இந்த மாதம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது? அடுத்த பிளாக் சுந்தரேஷ் மெல்பர்னுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள் நீ, எழுத்துக் கூட்டியாவது நீயே படி. போனில் காட்டி இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளாதே.

நம் வீட்டுப் பின்பக்கம் வருமே ஒரு மயில், நான் காக்கைக்கு வைக்கிற சாதத்தைக் காக்கைக்கு முன்னால் வந்து கொத்திவிட்டுப் போகுமே, நீகூட வீடியோ காலில் துரை வந்தாச்சா என்று கேட்பாயே, அது செத்துப் போய்விட்டது. சுதந்திர தினம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாதம் வைக்கப் போனேன், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. இந்தப் பட்டம் விடுகிற பாவிகளின் மாஞ்சா நூல் கழுத்தில் சுற்றி அறுத்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் அப்பாவுக்கு எல்லாம் ஓடியது, அதுதான் வினை. ஆபீசில் ஒரு காகிதத்தை விதியைப் பார்க்காமல் நகர்த்தாத மனுஷன், அன்றைக்கு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறைக் கத்திரிக்கோலை எடுத்து நூலை வெட்டிக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். குழாய்த் தண்ணீர் பிடித்து மயிலை ரத்தம் போகக் குளிப்பாட்டினார். விபூதி இட்டார். மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கிருத்திகைக்குப் போட்டுக்கொண்டு போவாரே, அந்தப் பட்டு அங்கவஸ்திரம், அதில் சுற்றினார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார். தேசியப் பறவையாயிற்றே, வனத்துறைக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்கத்தான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "சொன்னா குப்பை வண்டியில தூக்கிப் போட்டுண்டு போவான். முருகனோட வாகனம்டி, நம்மாத்து வாசல்ல வந்து உயிரை விட்டிருக்கு."

மாடி வீட்டு சுஷ்மா பால்கனியிலிருந்து இதை வீடியோ எடுத்திருக்கிறாள். கீழே இறங்கி வந்து பாயி சாப் என்ன ஆச்சு என்று கேட்க அவளுக்கு நேரமில்லை, காலனி வாட்ஸ்அப் குரூப்பில் போட நேரம் இருந்தது. மதராஸி பாபு மயிலைக் கொன்று புதைக்கிறார் என்று எழுதிப் போட்டாள். வருஷா வருஷம் என் கையால் முறுக்கு வாங்கித் தின்றவள். நானும் பதறிப்போய் வனத்துறைக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். ஒருவர் இன்று லீவு என்றார், ஒருவர் கார்ப்பரேஷனைக் கேள் என்றார், கார்ப்பரேஷனில் வனத்துறையைக் கேள் என்றார்கள். அதற்குள் போலீஸே வந்துவிட்டது. அவர்கள் சொன்ன பிறகுதான் வனத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். அங்கவஸ்திரத்தை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள், உன் அப்பாவைப் பார்த்தாள். கழுத்தில் வெட்டு இருக்கிறது, நூல் இல்லை, ரத்தத்தையும் கழுவிவிட்டீர்கள், குழியும் தோண்டியிருக்கிறீர்கள், நான் என்னவென்று எழுதுவது என்று இந்தியில் கேட்டாள். உன் அப்பா மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். டிசம்பரில் ரிடையர் ஆகப்போகிறவர் மேல் மயிலைக் கொன்றதாக ஒரு கேஸ் என்றால் ஜாமீன், சஸ்பென்ஷன், என்னவெல்லாம் ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் உள்ளே ஓடிக் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். கீரைத் தண்டும் காபிப் பொடிச் சக்கையுமாக அளைந்து எடுத்தேன், அந்த நூல் கிடைத்தது, நீலச் சிறகுத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு. அதைக் கவரில் போட்ட பிறகுதான் அந்தப் பெண்ணின் முகம் இளகியது. அதோடு முடிந்ததா? பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு பீலியைச் சொருகி வைத்திருந்தார் உன் அப்பா. அதையும் நானே கொண்டுவந்து கொடுத்தேன், மானம் போயிற்று.

மயிலை அந்த அங்கவஸ்திரத்தோடேயே எடுத்துக்கொண்டு போகும்போது அவள் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், எந்த ஊராக இருந்தாலும் உதவும். இப்படி ஒன்று கிடந்தால் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. நோய்க் கிருமி இருக்கலாம். கிடந்தபடியே போட்டோ எடுத்து, நாய் பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கழுவுவது, புதைப்பது, இறகு எடுப்பது எதுவும் நம் வேலை இல்லை. நீயும் போன தடவை மயிலிறகு அனுப்பு என்று கேட்டாய், அதற்கும் அனுமதி கிடையாதாம், இனிமேல் கேட்காதே.

பிரேதப் பரிசோதனையில் மாஞ்சாதான் காரணம் என்று வந்துவிட்டது, கேஸ் எதுவும் இல்லை. அந்தத் தாளை நானே குரூப்பில் போட்டேன். வீடியோவை ஊரே பார்த்தது, தாளை ஒருவரும் பார்க்கவில்லை. சுஷ்மா இன்னும் அதை அழிக்கவில்லை, படியில் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறாள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் தூக்கமே இல்லை. உன் அப்பா மலை மந்திருக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாலு பேர் கேட்பார்களாம். காலையில் ஒட்டடைக் கொம்பில் கத்திரிக்கோலைக் கட்டிக்கொண்டு மரத்திலும் கம்பியிலும் தொங்குகிற மாஞ்சாவை எல்லாம் அறுத்து எடுக்கிறார். கம்பியில் கரண்ட் இருக்கும் என்று நான் கத்தினால் காது கேட்காத மாதிரி போகிறார். எடுத்த நூலை எறிவதும் இல்லை, பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்க்கிறார், யாராவது கேட்டால் காட்ட வேண்டுமாம். சாப்பிட உட்கார்ந்தால் ஒரே புலம்பல், கடைசியில் அதைக் குப்பையில்தான் போட்டிருப்பார்கள், நான் புதைத்திருக்கலாம் என்று.

இதற்காகத்தான் கடிதம். நேற்று அந்த வனத்துறைப் பெண்ணுக்கு நானே போன் செய்து கேட்டேன். முறைப்படி எரித்தார்களாம். எரிக்கும்போது துணியை எடுக்கச் சொன்னார்களாம், அவள்தான் வேண்டாம், அந்த வீட்டு அங்கிள் சுற்றினது, அப்படியே இருக்கட்டும் என்றாளாம். நான் இத்தனை நாள் அவரைத் திட்டியே தீர்த்துவிட்டேன். இப்போது போய் இதைச் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பார். நீ அவளுக்கு ஒரு போன் போட்டு, உன் காதால் கேட்டுவிட்டு அவரிடம் சொல். சொல்லும்போது ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் பக்கத்தில் இருந்தால் அவர் அழமாட்டார்.

குளிருக்கு அடக்கமாகப் போட்டுக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி. முருகன் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். அந்தப் பெண்ணின் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
விசாலாக்ஷி வைத்தி