மெயினை இறக்கிய நாளில் உறங்கிய லேப்டாப்

மாப்பிள்ளை,

இன்று மத்தியானம் மேற்கே ஒரு தடவை இடி உறுமியது. எழுந்து மெயின் சுவிட்ச் வரைக்கும் போய்விட்டேன். கையை வைத்த பிறகுதான் உள்ளே உங்கள் லேப்டாப் ஓடிக்கொண்டிருப்பது நினைவு வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகு உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள், உங்கள் வீட்டுக்காரி, எழுதுகிறாள்.

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவன் நான். இடிச் சத்தம் கேட்டால் வெடிமருந்து அறையில் போட்டது போட்டபடி வெளியேற வேண்டும், மெயினை இறக்க வேண்டும். வேலையை விட்ட பிறகும் திருத்தங்கல் வீட்டில் என் கை அதையேதான் செய்தது. நீங்கள் இங்கே வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தபோது அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நம்ம வீட்ல மருந்தா மாமா இடிக்கோம்?" என்றீர்கள்.

உங்கள் லேப்டாப் பழசு, பேட்டரியும் சோர்ந்துபோனது. கரண்ட் போனால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் நினைவில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தானாக அணைய வேண்டும். திரும்பத் திறந்தால் விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கும். ஹைபர்னேட் என்று பேர் சொன்னீர்கள். எழுதி முடிக்குமுன் பேட்டரி செத்தால் எல்லாம் போச்சு. அதைச் சீக்கிரமாக்கத்தான் லேப்டாப்பை ஓட்டுகிற லினக்ஸில் அடியில் கிடக்கும் கெர்னலுக்கே திருத்தம் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

"சின்னச் சின்னப் பொட்டலமாத் தூக்கிட்டு லாரிக்கு ஓடுது மாமா. பெட்டியில அடுக்கி மொத்தமா லோடு ஏத்தச் சொல்றேன், அம்புட்டுதான்" என்று எனக்கு விளங்கவைத்தீர்கள். நானும் ஒரு யோசனை சொன்னேன். வெளியே திரும்பக் கிடைக்கிற சாமானை விட்டுவிட்டு ஓடச் சொல்லலாமே என்று. அதை யாரோ முன்னமே செய்துவிட்டார்களாம். "நீங்க லேட்டு மாமா" என்றீர்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் நீங்கள் மூடியை மூடுவீர்கள். ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு அணையும்வரை நான் எண்ணுவேன். ஒன்று என்று தொடங்கி எனக்குப் பழக்கமில்லை, பெட்டி எண்ணுகிற மாதிரி லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போவேன். மறுநாள் வந்து, "நேத்து எம்புட்டு மாமா?" என்று கேட்பீர்கள். நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னால், நீங்க இருக்கீகளே என்பீர்கள்.

அன்று திருத்தம் முடிந்துவிட்டது, திரும்பி வந்ததும் லினக்ஸ்காரர்களுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லி, லேப்டாப்பை ஓடவிட்டுவிட்டு விருதுநகருக்கு பைக்கில் போனீர்கள். மேகம் கூடியது, இடித்தது. நான் மெயினை இறக்கிவிட்டுத் தெருவில் போய் நின்றேன். லேப்டாப் ஞாபகம் வரவேயில்லை. அங்கே நிற்கும்போதுதான், உங்கள் பைக் ரோட்டில் விழுந்து கிடக்கிறது என்று ஆமத்தூர் விலக்கிலிருந்து போன் வந்தது.

மறுநாள் யாரோ மெயினை ஏற்றினார்கள். லேப்டாப்பின் விளக்கு அணைந்திருந்தது. முறையாக உறங்கியதா, பாதியில் செத்ததா? ஒரு துண்டில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். ஐந்து மாசம் ஒருவரையும் தொடவிடவில்லை. மனசு தாங்காமல் அப்படிச் செய்கிறேன் என்று மகள் நினைத்தாள். பயம்தான் மாப்பிள்ளை. திறந்து ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் கடைசியாகச் செய்த வேலையை அழித்தது என் கை.

போன வாரம், உங்களோடு இதே வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று மகளுக்கு எழுதிக் கேட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, மெயினை இறக்கியதைச் சொன்னேன்.

"இடி இடிச்சா நீங்க எறக்குவீகன்னு அவுகளுக்குத் தெரியாதாப்பா?" என்றாள்.

சார்ஜரைச் செருகித் திறந்தோம். திரையில், எதில் போக என்று கேட்டு இரண்டு வரி வந்தது. மேல் வரியில் போனால் உறங்கினது வீணாகிவிடும், உங்கள் கெர்னல் கீழ் வரியில் என்று எப்போதோ சொல்லியிருந்தீர்கள். கீழ்நோக்கும் அம்பை ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். பிறகு எண்ண ஆரம்பித்தேன். முப்பதிலும் இருட்டுத்தான். நாற்பதிலும் இருட்டுத்தான். மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தாறில் எல்லாம் எழுந்து வந்தது, நீங்கள் பாதி தட்டியிருந்த கடிதத்தோடு.

அவள் வாசித்தாள். அடியில், சோதித்துப் பார்த்தவர் என்ற இடத்தில் என் பேர் இருந்தது. கைநாட்டுக்காரன் பேர் அங்கே எதற்கு, எடுத்துவிடு என்றேன்.

"அவுக போட்டத நான் எடுக்க மாட்டேன்" என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

நேற்று பதில் வந்தது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்கிறார்கள். உங்கள் நோட்டில் ஒரு எண்கூட இல்லை. நான் சொன்னேன், அவள் தட்டினாள். கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் தொண்ணூற்றிரண்டு. கோழி உள்ளே வந்து கலைத்த அன்று எண்பத்தெட்டு, அதைச் சேர்க்க வேண்டாம் என்றீர்கள். பெட்டியில் அடுக்கிய பிறகு ஐம்பத்தொன்று, நாற்பத்தேழு, மறுபடி நாற்பத்தேழு. ஒன்று பிசகினாலும் உங்கள் வேலைக்குத்தான் கெட்ட பேர் என்று விடியவிடிய அந்த எண்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"கடைசியா உறங்குனது எம்புட்டுப்பா?" என்று கேட்டாள்.

அப்போது நான் தெருவில் நின்றேன், எண்ணவில்லை. அந்த ஒரு இடத்தை மட்டும் வெறுமையாக விடச் சொன்னேன்.