அது காதல் பாட்டில்லை, வதனி

என் செல்லத் தங்கச்சி வதனிக்கு,

உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. மண்டபம் நிறையச் சனம். உன் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டையில் நீ சிரிக்கிறாய். உள்ளே, ‘கணவர் புலம்பல்’ என்ற தலைப்பின் கீழ், ‘உன் ஒவ்வோர் அடியையும் பார்த்துக்கொண்டிருப்பேன்’ என்கிற அந்த இங்கிலாந்து ராக் பாட்டு தமிழில் இருக்கிறது.

உங்கள் கல்யாண நாள் விழாவில் உன் கணவர் சிவம் போடச் சொன்ன அதே பாட்டு. அன்று எல்லோரும் கைதட்டினார்கள். நீ கேக் வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றாய்.

அதன் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். மார்க்கம் நகரில் உன் வேலையிடத்து ரேடியோவில் கேட்டாயாம். எழுதியவனே சொன்னானாம்: தன் கல்யாணம் உடைந்த நாட்களில் எழுதியது, விட்டுப் போனவளைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிற ஒருவனின் குரல் அது, சனம் அதைக் கல்யாணங்களில் போடுவது தனக்கே விசித்திரமாக இருக்கிறது என்று.

“எங்கட ஆக்கள்தான் இப்பிடி எண்டு நினைச்சன் அக்கா. வெள்ளையளும் அப்பிடித்தான்” என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல், “அந்தாள் எண்டாலும் பிழை எண்டு ஒத்துக்கொண்டுது” என்றாய்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உனக்குப் போன் வரும். பஸ் பிந்தினால் அஜின்கோர்ட் தரிப்பில் சிவம் நிற்பார். யாரோடு கதைத்தாய், ஏன் சிரித்தாய்? சனம் இதற்கு வைத்த பெயர் கவனிப்பு. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், யார் வந்து பார்த்தது என்று நர்ஸிடம் விசாரித்தார்.

நீ கண்மூடிய அதே கிழமைக்குள் என்னிடம் வந்தார்.

“மச்சாள், நீங்கள் படிச்சனீங்கள். அந்தப் பாட்டைப் புலம்பலா எழுதித் தாங்கோ. அவளுக்கு விருப்பமான பாட்டு.”

“அவளுக்கோ?”

“ஓம். எங்கட பாட்டு.”

“நான் எழுதமாட்டன், சிவம்.”

வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதுகை மோனையெல்லாம் சரியாக. நேற்று அதை வாசித்தவருக்குக் குரல் தழுதழுத்தது. பக்கத்திலிருந்த அன்ரி மூக்கைச் சிந்திவிட்டு, “குடுத்து வைச்சவள்” என்றார். செத்துப்போனவளைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்பதை மறந்துவிட்டாரா?

அதையும் விழுங்கியிருப்பேன். உன் மகள் வந்தாள். பதினேழு வயது. கல்வெட்டை நெஞ்சோடு அணைத்தபடி, “பெரியம்மா, திஸ் இஸ் ஸோ பியூட்டிஃபுல். எனக்கும் அப்பா மாதிரி லவ் பண்ணுற ஆள்தான் வேணும்” என்றாள். அந்நேரம் அவளுடைய பேஜர் அடித்தது. “உடனே கூப்பிடாட்டி அவனுக்குக் கோவம் வரும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனைத் தேடி ஓடினாள்.

இவளுக்கு நீ ஏன் ஒன்றுமே சொல்லாமல் போனாய்? தகப்பனை அவளிடமிருந்து பறிக்க மனம் வரவில்லையா?

எனக்கு மனம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் பாட்டின் கதை, பிறகு உன்னுடையது. தகப்பனை வெறுக்கட்டும், என்னையும் வெறுக்கட்டும். பயந்து பழகுவதற்குக் காதல் என்று பெயர் வைக்க மட்டும் அவளை நான் விடமாட்டேன்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
அக்கா