சரிவு நின்ற இடம்

இன்று காலை கணினியிலிருந்து சூடான தூசி வாசனை வந்தது. நீ இருந்திருந்தால், "ஏய், அது வெந்துடப் போவுதுடி, ஜன்னலத் தொற" என்று கத்தியிருப்பாய். திறந்தேன். நெரவியில் என் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து கணக்கு முடியக் காத்திருந்தேன்.

நம் கணக்குதான். லட்சக்கணக்கான விண்மீன்கள் பந்தாகத் திரண்டிருக்கும் கொத்து. நடுவில் இருப்பவை தம் ஆற்றலை வெளியே உள்ளவற்றுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கும். இறங்க இறங்க வேகம் கூடும், மையம் மேலும் சுருங்கும். அந்தச் சரிவை நிறுத்துபவை ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்கள். பக்கத்தில் வரும் மூன்றாவதை உதைத்துத் தள்ளிவிட்டு, தாம் இன்னும் நெருங்கிக்கொள்ளும். அந்த உதைதான் மையத்தை மறுபடி விரியவைக்கும். இது நம் துறையில் எல்லோருக்கும் தெரியும். மிகச் சில இரட்டைகளே போதும், சரிவு முன்னதாகவே நின்றுவிடும் என்று சொன்னது நாம்தான்.

ஆய்விதழுக்காக நம் கட்டுரையைப் பரிசீலித்தவர் நம்பவில்லை. இரட்டைகளைக் கணக்கிடும் பகுதியில் பிழை இருக்கிறது, அதுதான் இல்லாத ஆற்றலைக் காட்டுகிறது என்றார். அந்தப் பகுதி நீ எழுதியது. பதில் வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

"நான் போயிட்டேன்னு பாவப்பட்டு இத அனுப்பிடாத. என் நிரலப் பாக்காம நீயே முதல்லேர்ந்து எழுதிப் பாரு. தப்புன்னா தப்புன்னு சொல்லிடு."

"அப்புடியெல்லாம் பேசாதடி."

"பயமா இருக்குடி. நோவ நெனச்சு இல்ல, அந்தக் கணக்க நெனச்சு."

நீ போன பிறகு வெகுகாலம் நான் அதைத் தொடவே இல்லை. உன் பிழையை ஊருக்குச் சொல்கிறவள் நானாகிவிடுவேனோ என்ற அச்சம். கல்லூரியில் விடைத்தாள், வீட்டில் வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் வெற்றுத் திரையைத் திறந்து, உன்னுடையதைப் பார்க்காமல் எழுதத் தொடங்கினேன். பலமுறை தவறி, பலமுறை திருத்தினேன்.

இன்று முடிந்தது. மொத்த ஆற்றல் கொஞ்சமும் பிசகவில்லை. மையம் சுருங்கிற்று, உன் கணக்கில் நின்ற அதே கட்டத்தில் நின்றது, பிறகு மெல்ல விரிந்தது. நான் தரையில் படுத்துக்கொண்டேன்.

எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கோட்டுச்சேரிக்குப் போனேன். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் உன் அம்மா பதறிப்போனார்கள்.

"என்னம்மா, அவ அப்பாவோட பிரெஞ்சு பட்டாளத்துப் பென்சன் எதுவும் நின்னுபோச்சா?"

"இல்லம்மா. அவ போட்ட கணக்கு சரிதான்."

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்கள். "தப்புன்னு யாரு சொன்னா?"

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. காரணம் கேட்காமல் எனக்குச் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றினார்கள்.

அம்மாவின் அந்த நிச்சயம் எனக்கு வாய்க்காது. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாத உன்னோடு வேலை பார்த்தவள் அல்லவா? வீடு திரும்பியதும், விண்மீன்களை வேறு விதமாக அடுக்கி, கணக்கை இன்னொரு முறை ஓடவிட்டிருக்கிறேன். இந்த முறை பயமில்லை.