உன் பெயர் போட்ட போர்டு

மாப்ளே,

இன்று காலை இராசிபுரம் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ரிப்பேருக்கு ஒரு சர்க்யூட் போர்டு வந்தது. மூடியைக் கழற்றியதும் கோழி எச்சமும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த நாற்றம். துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளை எழுத்தில் உன் பெயர். போர்டு உன்னுடையதல்ல.

நீ அந்த சர்க்யூட் படத்தை இணையத்தில் ஏற்றிய அன்றே சண்டை போட்டோம். கொட்டகை சூடேறினால் கோழிகள் மேல் தானாகத் தண்ணீர் தூவும் சின்னப் பெட்டி. யாரும் செய்யலாம், விற்கலாம், உன் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று எழுதிவைத்தாய்.

"காப்பியடிச்சு நாறடிப்பானுங்கடா."

"அடிக்கட்டுமே. கோழி சாகாம இருந்தாச் சரி."

முட்டாள் என்றேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

பண்ணைக்காரர்கள் முன்னால் ஒரு வித்தை காட்டுவாய். கரண்ட் ஓடும்போதே, சூட்டை அளக்கும் சென்சார் ஒயரின் வெறும் முனையை ஈரக்கையால் பிடிப்பாய். "பாருங்க, உள்ள கரண்டைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் இருக்குதுங்க. ஒயரைத் தொட்டா ஒண்ணும் ஆகாதுங்க." அவர்கள் நம்பினார்கள். அவர்களைவிட நீ நம்பினாய்.

காப்பியடித்தவன் முதலில் தூக்கியது அந்த டிரான்ஸ்பார்மரைத்தான். விலை குறைய வேண்டுமே! லைன் கரண்ட் குறையாமல் அப்படியே சென்சார் ஒயர் வரைக்கும் வந்துவிட்டது. உன் பெயரை மட்டும் அவன் தூக்கவில்லை. நீ போட்ட ஒரே நிபந்தனையை ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறான்.

பரமத்தி பக்கத்துப் பண்ணையில் நீ பெயரைத்தான் பார்த்தாய். உன் போர்டு என்று நினைத்து, மெயினை அணைக்காமல் ஒயரைப் பிடித்தாய். நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் முடிந்துவிட்டது. கோழிகள் நன்றாகத்தான் இருந்தன.

உன் காரியத்துக்கு, அந்தப் போர்டை விற்ற சேலத்துக் கடைக்காரர் மாலையோடு வந்தார். "நாங்க திருடலைங்களே தம்பி. அவரே எடுத்துக்கச் சொல்லித்தானுங்க போட்டிருக்காரு. பேரைக்கூட உடலீங்க." சட்டையைப் பிடித்தேன். உன் அப்பாதான் என் கையை விலக்கிவிட்டார்.

"அவரு சொல்றது நெசந்தான் சாமி. நீ அந்தப் படத்தை அழிச்சுப் போட்ரு."

பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. அழிக்கவில்லை. அழித்தால் உன்னுடைய சரியான படம்தான் போகும். அவனுடைய போர்டு கடை கடையாகத் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். இன்று வந்ததிலும் டிரான்ஸ்பார்மர் இல்லை. பண்ணைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அவரு பேரு போட்டிருக்குதுங்களே?" என்று கேட்டார். அந்த நம்பிக்கைதான் உன்னையும் கொன்றது. அவர் கொட்டகையில் வேலை செய்கிறவர்களையும் கொல்லும். போர்டை ரிப்பேர் செய்யவில்லை. சுத்தியலால் உடைத்தேன்.

பிறகு உட்கார்ந்து, இணையத்தில் உன் படத்தின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில் எழுதினேன்: 'போர்டில் இந்தப் பெயர் இருக்கிறது என்று நம்பித் தொடாதீர்கள். இந்தப் பெயர்க்காரன் அப்படித் தொட்டுத்தான் செத்தான்.'

உன் அப்பா அதைப் படித்தால் என்ன சொல்வாரோ தெரியவில்லை. அந்த வரியை எடுக்கப் போவதில்லை. உன் பெயரைப் பார்த்தால் இப்போது என் கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போகிறது, நானே சால்டர் வைத்த போர்டாக இருந்தாலும்.