கைநாட்டு வேண்டாம்

அன்புள்ள காலிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எழுத்து கோணலாக இருப்பதை மன்னித்துக்கொள், இப்போதுதானே எழுதப் பழகியிருக்கிறேன். இந்த ஒரு பக்கத்துக்கே இரண்டு நாள் ஆனது. உன் முழங்கால் வலி தேவலையா?

கருவேலம் மண்டிக் கிடந்த நம் மாரியூர் நிலம் சோலார் கம்பெனிக்குக் கோடி ரூபாய்க்குப் போனதும், "கோடீஸ்வரன் பொண்டாட்டின்னு சொல்லவா, வாட்ச்மேன் பொண்டாட்டின்னு சொல்லவா? கிளம்பி வாங்க" என்று போனில் கேட்டாயே, அதனால் ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதிக்கொண்டு போனேன். கடை முதலாளி முழுதும் படித்துவிட்டு, பழக்கத்தில் மைப்பெட்டியை நீட்டி, "கீழ கட்டைவிரல வைங்க பாய்" என்றார்! இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இருபது வருஷம் ரேகை வைத்தவன், ஒரே ஒரு சம்பளமாவது கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டாமா? ஒன்றாம் தேதி வாங்கியதும் வந்துவிடுவேன்.

அதுவரைக்கும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. கடை திறக்கும் நேரம். அடுத்த வெள்ளிக்கிழமை இதைவிட நேராக எழுதுகிறேன்.

ஹமீது சுல்தான்