நாலில் இல்லாத மொழி

1975 ஜூன் 3, செவ்வாய். அடையாறு.

கல்லூரித் தேர்வு முடிவுகளை இன்று கம்ப்யூட்டரில் ஓட்டினோம். இரண்டாம் மொழி நாலு: தமிழ், சமஸ்கிருதம், ஹிந்தி, தெலுங்கு. முதல் மூன்றும் இல்லையென்றால் தெலுங்கு என்று எடுத்துக்கொள்ளும்படிதான் புரோகிராம் எழுதியிருந்தேன். கூட வேலை பார்க்கும் சரோஜா விடவில்லை.

"தெலுங்கான்னும் கேட்டுடுங்க சார். அதுவும் இல்லேன்னா மிஷின் நிக்கட்டும்."

"நிக்கிறதுக்கா மிஷின் வாங்கியிருக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அந்தக் கேள்வியை ஒரு கார்டில் துளையிட்டு, என் புரோகிராம் கார்டுக் கட்டுக்குள் செருகிவிட்டாள்.

மத்தியானம் மிஷின் நின்றேவிட்டது. மாலைக்குள் முடிவுகள் பத்திரிகைகளுக்குப் போயாக வேண்டும். கத்திக்கொண்டே போய்ப் பார்த்தேன். திருவல்லிக்கேணி மாணவி ஒருத்தியின் மார்க் கார்டில் நின்றிருந்தது. உருது எடுத்திருக்கிறாள், நல்ல மார்க். என் வழியில் விட்டிருந்தால், தெலுங்குப் பரீட்சைக்கே வராதவள் என்று ஃபெயிலாகியிருப்பாள். மிஷினும் நின்றிருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

உருதுவைச் சேர்த்து மறுபடி ஓட்டினோம்.

"இப்ப என் கார்டை எடுத்துடலாமா சார்?" என்றாள், சிரிக்காமல்.

"இருக்கட்டும்மா" என்றேன். முடிவுகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் வேலையில் இறங்கிவிட்டேன்.

காலையில் அந்தப் பெண் பேப்பரில் தன் நம்பரைத் தேடுவாள். இருக்கும். யாருக்கு நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் பங்குக்கும் சேர்த்து நாளைக்கு நான்தான் சொல்லியாக வேண்டும்.